ஸ்பெஷல் நாடகத்தில் நடிக்க வருகிறவர்களுக்கு: எதிராளியின் பார்ட்டையும் பாடம் பண்ணுங்கள்

பாட்டு வருகிறது, வசனமும் பேச வரும், ஸ்பெஷல் நாடகத்தில் நடிக்க ஆசை, எங்கே ஆரம்பிப்பது என்று கேட்கிற பிள்ளைகள் இப்போதும் இருக்கிறார்கள். வருஷத்துக்கு இரண்டு மூன்று பேராவது என்னிடம் கேட்டுவிடுகிறார்கள். போனில் சொல்லும்போது பாதி விட்டுப்போகிறது, அதனால் மொத்தமாக எழுதி வைக்கிறேன். நான் ஸ்திரீபார்ட், அதாவது கதாநாயகி வேஷம் கட்டுகிறவள். வள்ளி, சந்திரமதி, சாவித்திரி, பவளக்கொடி எல்லா வேஷமும் கட்டியிருக்கிறேன். ராஜபார்ட்டாகவோ (கதாநாயகன்) பபூனாகவோ (கோமாளி) வர நினைக்கிறவர்களுக்கும் இதில் முக்கால்வாசி பொருந்தும்.

முதலில் இந்த மேடை எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் சினிமாவிலோ சபா நாடகத்திலோ இருந்து வருகிறவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். ஸ்பெஷல் நாடகத்தில் கம்பெனி என்று ஒன்று கிடையாது. ஒரு ஊர்த் திருவிழாவுக்கு ராஜபார்ட்டை ஒரு ஊரிலிருந்தும் ஸ்திரீபார்ட்டை இன்னொரு ஊரிலிருந்தும் பேசுவார்கள், நாரதர், பபூன், டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம், மற்றத் தாளக் கருவிகளை வாசிக்கிற ஆல்ரவுண்ட் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகத்தான் ஒப்பந்தம் பண்ணுவார்கள். இராத்திரி பத்து மணிவாக்கில் ஆரம்பித்தால் விடியும்வரை போகும். டைரக்டர் கிடையாது. ஒத்திகை கிடையாது. உங்களுக்குக் கணவனாக நடிக்கப் போகிறவரை மேக்கப் போடுகிற இடத்தில்தான் முதல் தடவையாகப் பார்ப்பீர்கள், "வணக்கம்மா, எந்த ஊரு?" என்று கேட்டுக்கொண்டே அவர் மீசை ஒட்டுவார், நீங்கள் ஜடை வைத்துக்கொண்டிருப்பீர்கள், இரண்டு மணி நேரம் கழித்து மேடையில் அவரோடு பாட்டிலும் வசனத்திலும் மாறி மாறி வாதாடி விடிய விடியத் தர்க்கம் பண்ண வேண்டும்.

இது எப்படிச் சாத்தியமாகிறது என்றால், எல்லோருக்கும் ஒரே பாடம் தெரியும் என்பதால்தான். அந்தப் பாடத்தின் பெரும்பகுதி சங்கரதாஸ் சுவாமிகள் கொடுத்துவிட்டுப் போனது. 1867-ல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்து 1922-ல் புதுச்சேரியில் மறைந்தார். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி என்று நாம் இன்றைக்கும் ஆடுகிற நாடகங்கள் அவர் எழுதியவை. 1918-ல் மதுரையில் அவர் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் பின்னால் நாடகத்தில் பெரும் பேர் வாங்கிய டி.கே.எஸ். சகோதரர்கள் சின்னப் பிள்ளைகளாகச் சேர்ந்து பாடம் படித்தார்கள். அபிமன்யு சுந்தரியை ஒரே இராத்திரியில் உட்கார்ந்து எழுதி முடித்தார் என்று இன்றும் சொல்வார்கள். சின்னப் பிள்ளைகளைச் சேர்த்துப் பாடம் சொல்லி நாடகம் போட்ட அந்தப் பாய்ஸ் கம்பெனிப் பயிற்சி இப்போது இல்லை. அந்த வேலையை நீங்கள்தான் உங்களுக்குச் செய்துகொள்ள வேண்டும்.

அதனால் முதல் வேலை ஒரு வாத்தியாரைப் பிடிப்பது. வாத்தியார் என்றால் பள்ளிக்கூட வாத்தியார் இல்லை, நாடகம் ஆடி ஓய்ந்த மூத்த நடிகராகவோ ஆர்மோனியக்காரராகவோ இருப்பார். மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல் போன்ற ஊர்களில் நாடக நடிகர் சங்கங்கள் இருக்கின்றன. அங்கே ஒரு நாள் காலையில் போய் உட்கார்ந்து, யார் பாடம் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று விசாரியுங்கள். யூடியூபில் முழு இராத்திரி நாடகங்கள் கிடக்கின்றனவே, அதைப் பார்த்துப் படித்தால் போதாதா என்று கேட்கிறார்கள். பாருங்கள், நிறையப் பாருங்கள். ஆனால் அதில் அந்த ஒரு இராத்திரி அந்த இரண்டு பேர் பேசியதுதான் இருக்கும். இன்னொருவர் அதே இடத்தில் வேறு மாதிரி வளைப்பார், அதற்கு என்ன பதில் என்று வாத்தியாரைத்தான் கேட்க வேண்டும்.

பாடம் பண்ணுகிற முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். ஒரு நாற்பது பக்க நோட்டெல்லாம் பற்றாது, நல்ல கெட்டி அட்டை போட்ட நீள நோட்டாக வாங்குங்கள். வாத்தியார் சொல்லச் சொல்லக் கையால் எழுதுங்கள். வலது பக்கத்தில் உங்கள் பார்ட், இடது பக்கத்தில் எதிரே நிற்பவர் பேசுவது. இடது பக்கத்தை யாரும் எழுதுவதில்லை. நானும் எழுதவில்லை, கடைசி இரண்டு வார்த்தையை மட்டும் குறித்துக்கொள்வேன், அதைக் கேட்டதும் நாம் ஆரம்பிக்க வேண்டும் என்று. அது எவ்வளவு பெரிய தப்பு என்று என் முதல் வள்ளியில் தெரிந்தது.

அது புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். இராத்திரி ஒரு மணி தாண்டியிருக்கும். நான் பரண் மேல் நின்று ஆலோலம் பாடிக் கிளி விரட்டி முடித்துவிட்டேன், கைதட்டலும் வந்தது. நாரதர் வருகிறார், வந்தவர் மேடையில் முப்பது வருஷம் பழுத்த ஆள். நான் என் நோட்டில் இருந்த முதல் கேள்விக்குத் தயாராக நிற்கிறேன், அவர் சப்ளாக்கட்டையை நிறுத்திவிட்டு, "பெண்ணே, விரட்டுகிறாயே, அந்தக் கிளிக்குப் பசிக்காதா?" என்றார். அவ்வளவுதான். என்னிடம் அதற்குப் பதில் இல்லை. எதிரே தரையில் பாயை விரித்து ஐந்நூறு அறுநூறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், முன்வரிசையில் ஒரு பாட்டி வெற்றிலையை மடித்த கையோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது இப்போதும் ஞாபகம் இருக்கிறது. நாக்கு ஒட்டிக்கொண்டது. அப்போது ஆர்மோனியக்காரர் சுருதியை விடாமல் பிடித்துக்கொண்டு, மோகனத்தில் நாலு ஸ்வரம் மெதுவாக வாசித்தார். ஒரு தடவை, இன்னொரு தடவை. இரண்டாவது தடவையில் எனக்கு விளங்கியது, தினைப்புனத்தைப் பற்றி நான் பின்னால் பாட வேண்டிய விருத்தத்தின், அதாவது தாளமில்லாமல் ராகத்தில் பாடுகிற செய்யுளின், எடுப்பு அது. அதை எடுத்துப் பாடினேன். பாடுகிற அந்த மூன்று நிமிஷத்தில் மூச்சு திரும்பி வந்தது, காவலுக்கு வைத்த அப்பாவின் சொல்லை மீறலாமா என்று ஏதோ ஒரு பதிலைக் கட்டிவிட்டேன். நாரதரும் பெரிய மனதோடு அதைப் பிடித்துக்கொண்டு மேலே போனார்.

மறுநாள் வாத்தியாரிடம், நோட்டில் இல்லாத கேள்வியைக் கேட்டுவிட்டார் என்று குறை சொன்னேன். அவர் என் நோட்டை வாங்கிப் புரட்டிவிட்டு, "அவரு கேட்டது நோட்டுல உள்ளதுதான்மா, உன் பக்கத்துல இல்ல, அவர் பக்கத்துல" என்றார். நாரதர் பார்ட்டில் ஜீவகாருண்யம் பற்றிப் பத்து வரி வசனம் இருக்கிறது. அதை முழுசாகப் படித்த ஒரு வள்ளிக்கு அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது, எங்கே கொண்டுபோய் விடப் பார்க்கிறார் என்று முதல் வார்த்தையிலேயே தெரிந்திருக்கும். அன்றைக்கு உட்கார்ந்து இடது பக்கம் முழுவதையும் எழுத ஆரம்பித்தேன்.

ஆகவே ராஜபார்ட் படிக்கிறவர் வள்ளியைப் படியுங்கள், வள்ளி படிக்கிறவர் நாரதரையும், வேலன் வேடன் விருத்தன் என்று மூன்று வேஷத்தில் வருகிற முருகனையும் படியுங்கள். வீட்டில் இரண்டு பார்ட்டையும் மாற்றி மாற்றி உரக்கப் பேசிப் பாருங்கள். பாத்திரம் தேய்க்கும்போது, வண்டியில் போகும்போது, எப்போதும். நோட்டைப் பார்க்காமல் நாரதராக நின்று வள்ளியை மடக்க முடிகிறதா என்று சோதியுங்கள், முடிந்தால் நீங்கள் வள்ளிக்குத் தயார்.

முதல் ஆறு மாதத்தில் ஐந்தாறு நாடகத்தை அரைகுறையாகப் படிக்காதீர்கள். வள்ளி திருமணத்தை முழுசாகப் படியுங்கள், திருவிழாக்களில் அதிகம் கேட்பது அதைத்தான். அப்புறம் அரிச்சந்திரா மயான காண்டம். அது சீக்கிரம் கைக்கு வராது. பிள்ளையைப் பறிகொடுத்த சந்திரமதி சுடுகாட்டுக்கு வந்து அழ வேண்டும், அழுதுகொண்டே முகாரியில் சுருதி பிசகாமல் பாட வேண்டும். நிஜமாகவே தொண்டை அடைத்துப் போனால் பாட்டு வராது, அழாமல் பாடினால் சனம் எழுந்து டீ குடிக்கப் போய்விடும். மூக்கை உறிஞ்சாமல் கண்ணீர் விடப் பழக எனக்கு இரண்டு வருஷம் ஆனது.

இனி குரல். எந்தக் கட்டை, அதாவது எந்தச் சுருதி, உங்களுக்குச் சரி என்று முதலில் கண்டுபிடியுங்கள். பெண்களுக்குப் பொதுவாக ஐந்து, ஐந்தரை, ஆறு கட்டை வாகாக இருக்கும். ஆண் குரல் வழக்கமாக அதைவிட ரொம்பக் கீழே நிற்கும், ஆனால் நாடக ராஜபார்ட் என்றால் உச்சத்தில் பாட வேண்டும் என்று ஒரு எதிர்பார்ப்பு பழைய காலத்திலிருந்தே உண்டு. மைக் இல்லாத கொட்டகையில் கடைசி ஆள்வரை கேட்க வேண்டும் அல்லவா, எஸ்.ஜி. கிட்டப்பா (1906–1933) அப்படிப் பாடித்தான் பேர் வாங்கினார். இப்போது மைக் இருக்கிறது. கிட்டப்பா கட்டையில் பாடுகிறேன் என்று தம்பிகள் தொண்டையைப் புண்ணாக்கிக்கொள்வதைப் பார்க்கும்போது எனக்கு மனசு வலிக்கிறது. அரைக் கட்டை இறக்கிப் பாடினால் யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள், நாலு மணிக்கும் குரல் நிற்கும்.

இன்னொரு விஷயம், தர்க்கத்தில் ஆணும் பெண்ணும் மாறி மாறிப் பாடும்போது சுருதி இடிக்கும். சில ஆர்மோனியக்காரர்கள் ஆளுக்குத் தகுந்த மாதிரி மாற்றிக் கொடுப்பார்கள், வேகமாகப் போகிற தர்க்கத்தில் அதற்கு நேரம் இருக்காது. அதனால் உங்கள் வசதியான கட்டைக்கு மேலே ஒரு கட்டை, கீழே ஒரு கட்டை இரண்டிலும் விருத்தங்களைப் பாடிப் பழகியிருங்கள். மேக்கப் ரூமுக்குப் போனதும் வணக்கம் சொல்ல வேண்டிய முதல் ஆள் ஆர்மோனியக்காரர்தான். என் கட்டை இது, இந்த விருத்தத்தை இந்த ராகத்தில் எடுப்பேன், இந்த இடத்தில் தடுமாறுவேன் என்று ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். ஒத்திகை இல்லாத மேடையில் அந்த ஐந்து நிமிஷப் பேச்சுதான் உங்களுக்கு ஒத்திகை. பின்பாட்டுப் பாடுவது அவர், மறந்தால் அடி எடுத்துக் கொடுப்பது அவர், நேரம் நீளுகிறதா குறைகிறதா என்று கண்ணால் ஜாடை காட்டுவதும் அவர்.

தொண்டைக்கு என்ன சாப்பிடலாம் என்று ஆளுக்கு ஒரு வைத்தியம் சொல்வார்கள். நான் சொல்வது தண்ணீர், நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக. மேடைக்கு முன்னால் வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள். ஊர்க்காரர்கள் ஆசையாகப் போடுவார்கள்தான், பாதியைப் பொட்டலம் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். சும்மா சும்மா கனைக்காதீர்கள். தொடர்ந்து நாலு நாள் நாடகம் இருந்தால் பகலில் போன் பேசுவதைக் குறையுங்கள். குரல் கம்மி மூன்று வாரம் ஆகியும் தெளியவில்லை என்றால் கஷாயத்தை நம்பிக்கொண்டு இருக்காமல் காது மூக்குத் தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள். தொண்டை போய்விட்டால் நமக்கு வேறு பிழைப்பு இல்லை.

வாய்ப்பு எப்படி வரும்? முதலில் சின்ன வேஷம்தான். தோழி, பாலமுருகன், லோகிதாசன், சில பெண்பிள்ளைகள் ஆரம்பத்தில் பபூனோடு ஆடுகிற டான்ஸ் பார்ட்டில் வருவார்கள். அதைச் சின்ன வேலை என்று நினைக்காதீர்கள், நாடகம் ஆரம்பிக்கிற முதல் இரண்டு மணி நேரக் கூட்டத்தை உட்கார வைப்பது அவர்கள்தான், சனத்தை நேருக்கு நேர் பார்த்துப் பேசுகிற தைரியம் அங்கேதான் வரும். உங்கள் வேலை முடிந்ததும் தூங்கப் போய்விடாதீர்கள். சைடில் உட்கார்ந்து விடியும்வரை முழு நாடகத்தையும் கேளுங்கள், நோட்டை மடியில் வைத்துக்கொண்டு.

பாடம் முடிந்ததும் சங்கத்தில் உறுப்பினராகச் சேருங்கள். ஊர்க்காரர்கள் நாடகம் பேச வரும்போது சங்கத்தையோ ஏஜெண்டையோதான் தேடுவார்கள். ஏஜெண்ட் உங்கள் தேதியைக் கேட்பார், டைரியைப் பார்த்துச் சொல்வீர்கள், அட்வான்ஸ் வரும், பிறகு நோட்டீஸ் அடிப்பார்கள். நோட்டீஸில் உங்கள் போட்டோவும் பேரும் ஊரும் வரும், அதனால் நல்ல ஸ்டுடியோவில் வேஷத்தோடு ஒரு படம், சாதாரணமாக ஒரு படம் எடுத்து வைத்திருங்கள். ஐந்து வருஷத்துக்கு முந்தைய படத்தைக் கொடுக்காதீர்கள். நேரில் பார்க்கிற சனத்துக்கு ஏமாற்றமாக இருக்கும்.

பணத்தில் கூச்சப்படாதீர்கள். எவ்வளவு சம்பளம், போக்குவரத்து அதில் சேருமா, ஏஜெண்ட் கமிஷன் எவ்வளவு, மழை வந்து நாடகம் நின்றால் என்ன கணக்கு, இந்த நாலையும் அட்வான்ஸ் வாங்கும்போதே பேசிவிடுங்கள். எனக்கு ஆரம்பத்தில் ஒருவர் பாக்கியை அடுத்த நாடகத்தில் சேர்த்துத் தருகிறேன் என்று சொல்லிச் சொல்லியே ஒரு சீசனை ஓட்டிவிட்டார். இப்போதெல்லாம் விடிந்ததும், மேக்கப்பைக் கலைப்பதற்கு முன்னாலேயே பாக்கியைக் கேட்டுவிடுகிறேன். ஒரே தேதிக்கு இரண்டு இடத்தில் அட்வான்ஸ் வாங்காதீர்கள். ஒரு தடவை அப்படிச் செய்தால் அந்த வட்டாரம் முழுக்கப் பேச்சாகிவிடும், ஏனென்றால் ஒருவர் வராவிட்டால் அங்கே இருக்கிற மற்ற எட்டுப் பேர் இராத்திரியும் கெடுகிறது.

சீசன் மாசி சிவராத்திரிவாக்கில் சூடுபிடித்து பங்குனி, சித்திரை, வைகாசி என்று உச்சத்தில் இருக்கும், ஆடிவரை ஓடும். ஐப்பசி கார்த்திகை மழையில் திறந்தவெளி மேடையில் என்ன நாடகம்? ஆகவே கிடைக்கிற மாதத்துப் பணத்தைக் கிடைக்காத மாதத்துக்கு ஒதுக்குங்கள். 2020 மார்ச்சில் பங்குனி தொடங்கிய கொஞ்ச நாளிலேயே ஊரடங்கு வந்து, வாங்கிய அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய நிலைமையில் எத்தனை கலைஞர்கள் நின்றார்கள் என்று நான் கண்ணால் பார்த்தேன். தையல், டியூஷன், கச்சேரி என்று இன்னொரு தொழில் கையில் இருப்பது நல்லது. தமிழ்நாடு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிவு பண்ணுவதைத் தள்ளிப் போடாதீர்கள், இயல் இசை நாடக மன்றத்தின் உதவித் திட்டங்களையும் சங்கத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆடிய நாடகங்களின் நோட்டீஸை ஒன்று விடாமல் சேர்த்து வையுங்கள், நீங்கள் கலைஞர்தான் என்று காட்டுவதற்கு உங்களிடம் அதுதான் இருக்கும்.

பெண்பிள்ளைகளுக்குத் தனியாகச் சில வார்த்தை. வீட்டில் சம்மதிக்க மாட்டார்கள், அக்கம்பக்கம் பேசும். என் அம்மா இரண்டு வருஷம் என்னோடு பேசவில்லை. ஒரு தடவை சொல்லாமல் கொள்ளாமல் வந்து கூட்டத்தில் உட்கார்ந்து சாவித்திரி பார்த்துவிட்டுப் போனாள், அதற்குப் பிறகு எனக்குச் சேலைக்கு ஃபால்ஸ் தைத்துக் கொடுத்தது அவள்தான். ஆரம்பத்தில் துணைக்கு ஆள் இல்லாமல் போகாதீர்கள். வண்டி எங்கே வரும், திரும்ப யார் கொண்டுவந்து விடுவார்கள், உடை மாற்ற மறைவான இடமும் கழிப்பறையும் இருக்கிறதா, இதையெல்லாம் முன்கூட்டியே கேட்பது தப்பில்லை, உரிமை. பபூன் வசனத்தில் எல்லை மீறினால் மேடையிலேயே சிரித்துக்கொண்டே மடக்கிப் பேசப் பழகுங்கள். முடியாவிட்டால் இறங்கிய பிறகு சங்கத்தில் சொல்லுங்கள்.

சினிமாப் பாட்டுப் பாடச் சொல்லிக் கூட்டத்திலிருந்து சீட்டு வரும். ஒன்றிரண்டு பாடுங்கள், அவர்கள் நம்மைக் கூப்பிட்டவர்கள். ஆனால் காட்சிக்குப் பொருந்துகிற இடத்தில் பாடுங்கள், பாடி முடித்ததும் ஒரு விருத்தத்தைப் பிடித்துக் கதைக்குள் திரும்பி வந்துவிடுங்கள். சீட்டுக்கு ஒரு பாட்டு என்று போய், வள்ளிக்குத் திருமணமே ஆகாமல் விடிந்துபோன இராத்திரிகள் உண்டு. அந்த ஊர்ப் பெரியவர்கள் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

விடிந்த பிறகு செய்ய வேண்டியது. தேங்காய் எண்ணெய் தடவி மேக்கப்பை முழுசாகக் கலையுங்கள், அசதியில் அப்படியே படுத்தால் முகம் கெட்டுப்போகும். கூட நடித்தவர்களிடம் சொல்லிக்கொண்டு கிளம்புங்கள். பஸ்ஸில் தூக்கம் வருவதற்கு முன்னால் நோட்டைத் திறந்து, அன்றைக்கு எதிராளி புதிதாக என்ன கேட்டார், நீங்கள் என்ன சொன்னீர்கள், என்ன சொல்லியிருக்கலாம் என்று மூன்றையும் எழுதிவிடுங்கள், தூங்கி எழுந்தால் மறந்துவிடும். கிளிக்குப் பசிக்காதா என்ற கேள்விக்கு என் நோட்டில் இப்போது பதினொரு பதில் இருக்கிறது. அதில் நாலு பதில் எனக்கு நாரதர்களே சொல்லிக் கொடுத்தது. நோட்டை எடுத்துக்கொண்டு வாருங்கள், எழுதிக்கொள்ளலாம்.